மானிட்டர் இல்லாத பை 4, ஒருவழியாகத் தன் ஐபி முகவரியைக் காட்டியது

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனபின் நேற்று இரவு வேலை முடிந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்காக வைத்திருக்கும் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி, கரண்ட் போய் வந்ததும் தன் ஐபி முகவரியை (வீட்டு நெட்வொர்க்கில் அதற்குக் கிடைக்கும் எண்) சின்ன ஓலெட் திரையில் காட்டுகிறது. இனி ஒவ்வொரு முறையும் லேப்டாப்பில் என்மேப் (நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைக் கண்டுபிடிக்கும் நிரல்) ஓட்டித் தேட வேண்டாம். அவ்வளவு நிம்மதி!

திரையைப் பை 4-உடன் சேர்க்கும் ஐ2சி இணைப்பெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். என்னைப் பாடாய்ப் படுத்தியது முகவரியை எடுக்கும் அந்த ஒரு வரி.

முதலில் ஹோஸ்ட்நேம் கட்டளையைச் சின்ன ஐ எழுத்தோடு (hostname -i) போட்டேன். எத்தனை முறை போட்டாலும் 127.0.1.1. டெபியன் வகையறா லினக்ஸில் ஹோஸ்ட்ஸ் கோப்பில் கணினியின் பெயருக்கு நேராக அந்த எண்தான் எழுதியிருக்கும்; அதையே எடுத்துத் தருகிறது. 127-ல் தொடங்குவதெல்லாம் கணினி தனக்குள் பேசிக்கொள்ள மட்டும். சரி என்று பெரிய ஐ (hostname -I) போட்டேன். 192.168.1.37 வந்தது, கூடவே டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) வைத்திருக்கும் 172.17.0.1 வந்து ஒட்டிக்கொண்டது. முதலில் இருப்பதை வெட்டி எடுக்கலாமென்றால், வரிசையை நம்பாதீர்கள் என்று அந்தக் கட்டளையின் கையேடான மேன் பக்கமே சொல்கிறது.

கைகொடுத்தது ‘ஐபி ரூட் கெட் 1.1.1.1’ (ip route get) என்ற கட்டளை. இது இணையத்தில் இருக்கும் அந்த 1.1.1.1 முகவரிக்கு ஒரு பாக்கெட்கூட அனுப்பாது. அங்கே போவதென்றால் எந்த வழி, நம் பக்கம் எந்த முகவரி என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்கும், அவ்வளவுதான். பதிலில் ‘எஸ்ஆர்சி’ (src) என்பதற்கு அடுத்து வருவது நமக்கு வேண்டியது. ஏழாவது சொல் என்று எண்ணி ஆக்கில் (awk, வரியிலிருந்து சொற்களை வெட்டியெடுக்கும் கருவி) எழுதிவிடாதீர்கள். வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும் முகவரியைக் கேட்டால் ‘வயா’ (via, எந்த ரவுட்டர் வழியாக என்பது) பகுதி வராது, எண்ணிக்கை மாறிவிடும். எஸ்ஆர்சி-யைத் தேடிப் பிடித்து அடுத்த சொல்லை எடுங்கள்.

பூட் ஆனதும் வைஃபை தயாராக இல்லாமல் பிழை வந்தது. 2 நொடிக்கு ஒருமுறை திரும்பக் கேட்கும்படி ஒரு லூப் போட்டதும் சரியானது.

திரை சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது, 0.96 அங்குலம். வாங்கும்போது பின் வரிசையைப் பாருங்கள்: சிலவற்றில் கிரவுண்ட் முதலில், சிலவற்றில் விசிசி (மின்சாரம் உள்ளே வரும் பின்) முதலில். பழைய வயரை அப்படியே மாட்டினால் திரை போய்விடலாம்.

அடுத்து ரவுட்டரில் பை 4-இன் மேக் முகவரியை (வன்பொருளின் அடையாள எண்) கொடுத்து 192.168.1.37-ஐ நிரந்தரமாக்க வேண்டும். அப்புறம் தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சார். ஒலி அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வாங்கி வைத்திருக்கிறேன். அதன் எக்கோ பின் 5 வோல்ட் தரும், பை தாங்குவதோ 3.3. வோல்டேஜைக் குறைக்க நடுவில் போட ரெசிஸ்டர்கள் எடுத்து வைத்தாயிற்று.