பழைய இரும்புக்குப் போன சைக்கிளும் நான்கு மனுக்களும்

விபத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் எண்ணம் இருப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். உடைந்த சைக்கிளை விற்காதீர்கள். நாங்கள் 350 ரூபாய்க்கு விற்றோம். அந்த 350 ரூபாய் ஒன்றரை வருடம் எங்களைத் துரத்தியது.

2023 நவம்பர், அடைமழை நேரம். அப்பா மண்டபம் கரையில் சூடை, காரல் மீன்களை எடுத்து, உச்சிப்புளிப் பக்கத்து ஊர்களில் சைக்கிளில் விற்பவர். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் சாலையோரத்தில் மூன்று வாரமாகத் திறந்தே கிடந்தது. கயிறு இல்லை, சிவப்புத் துணி இல்லை, ஒரு பனைமட்டையைக்கூடக் குறுக்கே போட்டு வைக்கவில்லை. தண்ணீர் நிரம்பியதும் எது பள்ளம் எது சாலை என்று தெரியவில்லை. விடியுமுன் விழுந்தார். வலது தொடை எலும்பு முறிந்தது. மதுரையில் பிளேட் வைத்தார்கள். ஒப்பந்தக்காரர் ஒருநாள் ஆப்பிள் பையோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். அதன்பிறகு போனை எடுக்கவில்லை.

ஒப்பந்தக்காரரையும் வேலை கொடுத்த அரசுத் துறையையும் எதிர்த்து ஆறு லட்சத்துக்கு வழக்கு. அரசு என்பதால் முதலில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு நோட்டீஸ், இரண்டு மாதக் காத்திருப்பு. அது முடிந்தபோது, கேட்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்ட வேண்டிய கோர்ட் கட்டணம் குறுக்கே வந்தது. 2017-இல் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைத்துவிட்டார்கள் என்று வக்கீல் ஆறுதல் சொன்னார். குறைத்த பிறகும் 18,000 ரூபாய். படுக்கையில் கிடக்கும் மீன்காரருக்கு அது எங்கிருந்து வரும்? ஆகவே பாப்பர் மனு. ‘கட்டணம் கட்ட வசதியில்லை’ என்று நீதிமன்றத்தை ஒப்புக்கொள்ள வைத்தால் கட்டாமலே வழக்கு நடத்தலாம். ஜெயித்தால் அரசு அதைப் பிற்பாடு வசூலித்துக்கொள்ளும்.

வக்கீல் குமாஸ்தா, “அப்பா வர வேண்டாம், கையெழுத்துப் போதும்” என்றார். நம்பிப் போனேன். மனுக்களைச் சரிபார்த்து வாங்கும் கோர்ட் அலுவலரான சிரஸ்தார் மனுக் கட்டைப் பிரிக்கவேயில்லை. “மனுதாரர் எங்கே?” என்றார். பாப்பர் மனுவை மனுதாரரே நேரில் வந்து கொடுக்க வேண்டும். வர முடியாவிட்டால் முன்கூட்டியே விலக்குக் கேட்க வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆவது கட்டளையில் தெளிவாக இருக்கிறது. கோர்ட்டிலேயே காலம் தள்ளும் குமாஸ்தாவுக்கு அது தெரியவில்லை.

அடுத்த வாரம் வாடகைக் காரில், காலை நீட்டியபடி அப்பாவைக் கொண்டுபோனேன். இந்த முறை சொத்துப் பட்டியலில் பொருள்களுக்கு மதிப்புப் போடவில்லை என்று திருப்பினார்கள். அன்றிரவு அம்மாவும் நானும் உட்கார்ந்து விலை போட்டோம். ஓட்டு வீடு, இரண்டு ஆடு, தராசு, எடைக்கற்கள், ஐஸ் பெட்டி. மீன்கூடைக்கு எவ்வளவு என்று அம்மா கேட்டார். இருபது ரூபாய் என்று எழுதினேன். மூன்றாவது பயணத்தில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டது. மே மாதம் கோர்ட்டுக்கும் கோடை விடுமுறை. கடலும் மூடியிருந்தது, கோர்ட்டும் மூடியிருந்தது. வீட்டில் ரேஷன் அரிசி மட்டும் இருந்தது.

ஜூலையில் விசாரணை. அரசு வக்கீல் அப்பாவிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்து, “மனுப் போடுவதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் சொத்து எதையாவது விற்றீர்களா?” என்றார். ஏழை என்று காட்டுவதற்காகச் சொத்தை மோசடியாகக் கைமாற்றியிருந்தால் மனு தள்ளுபடி. அப்பாவுக்குப் பொய் வராது. “ஆமாம் ஐயா. சைக்கிளை விற்றேன். 350 ரூபாய்.” நீதிபதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மனு பிறகு அனுமதிக்கப்பட்டது. ஆனால் அந்த வாக்கியம் வாக்குமூலத்தில் ஏறிவிட்டது.

வெளியே வந்ததும் வக்கீல் என்னைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, விழுந்த சைக்கிளையா விற்றீர்கள்? அதுதானே உங்கள் சாட்சி!”

அன்று மாலையே பழைய இரும்புக்கடைக்கு ஓடினேன். ஐந்து மாதமாகிவிட்டது, உருக்குக்குப் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். அண்ணாச்சி கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார். ஆடு நுழையாமல் இருக்க வேலியின் சந்தில் சைக்கிளைச் சாத்தி வைத்திருந்தார். முன்சக்கரம் எட்டு விழுந்தபடியே இருந்தது. பின்கேரியரில், மீன்பெட்டியைக் கட்ட அப்பா போட்டிருந்த நீல நைலான் வலைக்கயிறு முடிச்சுகூட அவிழவில்லை. திரும்ப வாங்க 500 ரூபாய் கொடுத்தேன். “ஆட்டுக்கு வேறு அடைப்பு வேண்டுமே தம்பி” என்று மேலே ஐம்பது கேட்டார். கொடுத்தேன்.

இனி எதிர்த்தரப்பின் மனுக்கள். அரசுத் தரப்பு பதிலுரையைப் போட்டுவிட்டது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஒப்பந்தக்காரர் மூன்று வாய்தாவுக்கு வரவேயில்லை. அவரை எக்ஸ்பார்ட்டி ஆக்கி, அதாவது அவர் இல்லாமலே வழக்கை நடத்த உத்தரவிட்டதும், மறு வாய்தாவிலேயே, மஞ்சள் காமாலை என்று மருத்துவச் சான்றோடு அதை ரத்துசெய்ய மனு. எங்களுக்கு ஆயிரம் ரூபாய் செலவுத்தொகை தரும் நிபந்தனையில் அனுமதித்தார்கள். பதிலுரைக்குச் சட்டத்தில் 30 நாள், காரணம் சொன்னால் 90 நாள் என்று படித்துவிட்டு நாள்காட்டியில் வட்டம் போட்டு வைக்காதீர்கள். நான் போட்டேன். அந்த ஆயிரம் ரூபாயை வாங்கி எண்ணிப் பார்த்த அப்பா, “சைக்கிளை விட இதற்கு நல்ல விலை” என்றார்.

உண்மையில் என்னைத் தூங்கவிடாதது அடுத்த மனு. வழக்குரையையே, அதாவது எங்கள் வழக்கை எழுதிக்கொடுத்த ஆவணத்தையே, நிராகரிக்கச் சொன்னார்கள், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 7-ஆவது கட்டளை 11-ஆவது விதியின்கீழ். எங்கள் வழக்குரையில் ஒரு வரி: ‘ஜே.சி.பி. இயந்திரத்தால் தோண்டப்பட்ட பள்ளம்’. அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஜே.சி.பி. மோட்டார் வாகனம், எனவே இது மோட்டார் வாகனத்தால் நேர்ந்த விபத்து, மோட்டார் வாகனச் சட்டத்தின் 175-ஆம் பிரிவுப்படி சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை, மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகட்டும் என்று வாதம். போனால் என்ன என்று கேட்பீர்கள். 2022 ஏப்ரல் முதல் அங்கே ஆறு மாதக் கெடு வந்துவிட்டது. எங்களுக்கு அது எப்போதோ கடந்துபோயிருந்தது. இங்கே கதவைச் சாத்தி, அங்கே பூட்டிய கதவைக் காட்டுகிற வேலை.

அந்த வரி அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எந்த இயந்திரம் தோண்டினால் எங்களுக்கென்ன? கையெழுத்துப் போடும்போது நான் தொகையை மட்டும் சரிபார்த்தேன். நீங்கள் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். வக்கீல் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஐந்து மாதம் ஓடிய பிறகு மனு தள்ளுபடியானது. இப்படிப்பட்ட மனுவில் வழக்குரையை மட்டும்தான் பார்க்க வேண்டும், பிரதிவாதி சொல்வதைப் பார்க்கக் கூடாது. வழக்குரையை முழுதாகப் படித்தால், தோண்டி மூன்று வாரம் மூடாமல் போட்டதுதான் குற்றச்சாட்டு, விழுந்த நேரத்தில் அங்கே எந்த வாகனமும் இல்லை என்று உத்தரவில் இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

கடைசியாக வந்தது சைக்கிள் மனு. பிரேக் இல்லாத சைக்கிளில் போனதால்தான் விழுந்தார், எனவே சைக்கிளைப் பார்வையிட வேண்டும் என்று கேட்டார்கள். பாப்பர் விசாரணை வாக்குமூலத்தைப் படித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்கள். சைக்கிள் இல்லை என்ற தைரியம். எங்கள் வக்கீல் எழுந்து, “ஆட்சேபணை இல்லை” என்று இரண்டே சொல்லில் முடித்தார். எதிர் வக்கீலின் முகத்தைப் பார்க்கவே அன்றைய கூலியை விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

சைக்கிளைப் பார்த்து அறிக்கை தர கோர்ட் அனுப்பிய வழக்கறிஞர் ஆணையர் வீட்டுக்கு வந்தார். இது அதே சைக்கிள்தானா என்று எதிர்த்தரப்பு சந்தேகம் கிளப்பியது. அப்போது கைகொடுத்தது, விபத்தன்று பக்கத்து வீட்டுப் பையன் கைப்பேசியில் எடுத்த படம். பள்ளத்தில் பாதி முங்கிய சைக்கிள், கேரியரில் நீலக் கயிறு, அதே முடிச்சு. ஆணையர் குனிந்து, படத்தையும் முடிச்சையும் மாறிமாறிப் பார்த்து எழுதிக்கொண்டார். பின் பிரேக் கட்டைகள் தேய்ந்திருந்தாலும் பிடிக்கின்றன என்பதையும் எழுதினார். கைப்பேசிப் படத்தைச் சும்மா அச்சடித்துக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள், சான்று வேண்டும். பழைய சட்டத்தின் பிரிவை வைத்து வக்கீல்கள் இன்னும் அதை 65பி என்று சொல்கிறார்கள், 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தில் அது 63-ஆம் பிரிவு. படம் எடுத்த கைப்பேசியை விற்றுவிடாமல் இருக்கச் சொல்லுங்கள். நாங்கள் அந்தப் பையனிடம் வாரம் ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பள்ளத்தை மட்டும் யாரும் பார்வையிடவில்லை. பாப்பர் மனு நடந்துகொண்டிருக்கும்போதே மூடித் தார் போட்டுவிட்டார்கள்.

கோர்ட் எதையெல்லாம் முடிவுசெய்ய வேண்டும் என்ற வழக்கெழு வினாக்களை இப்போதுதான் வனைந்திருக்கிறார்கள். அடுத்த வாய்தாவில் அப்பா கூண்டேறுகிறார். சைக்கிள் திண்ணையில் தார்ப்பாய்க்குள் இருக்கிறது. உப்புக்காற்றில் துருப்பிடிக்கிறதே, கொஞ்சம் எண்ணெயாவது போடட்டுமா என்று அப்பா கேட்டார். தொடவே கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார்.