கிழங்கு வெயில் பார்க்கட்டும்: பினாங்கில் ஐரிஸ், 2025

2025 ஜனவரி 16

பொங்கல் முடிந்த கையோடு பாத்தி கட்டியாயிற்று. தீவில் மழை குறைந்த மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும். ஐரிஸ் என்ற பூச்செடியின் கிழங்கு வேர்பிடிக்க மூன்று, நான்கு வாரம் காய்ந்த வானிலை கேட்கும். இந்த இரண்டு மாதத்தை விட்டால் பிறகு அந்த வசதி கிடைக்காது.

பாத்தி தரைக்கு மேல் 25 செ.மீ. நான்கு வரிசைச் செங்கல், இடையில் சிமெண்டு பூசவில்லை. இடுக்கு வழியாகவே தண்ணீர் வடிந்துவிடும். கலவை: கரடான ஆற்று மணல் 4 பங்கு, செம்மண் 3, உமிக்கரி 2, நன்றாக மக்கிய தொழுவுரம் 1. நர்சரியில் மூட்டையாக விற்கும் கறுப்பு மண், நம் ஆட்கள் 'தானா ஈத்தாம்' என்று கேட்டு வாங்குவது, இதில் ஒரு பிடிகூட வேண்டாம். கீரைக்கும் ரோஜாவுக்கும் அது நல்லது. ஐரிஸ் கிழங்கைச் சுற்றி அது நனைந்த பஞ்சு மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

கலவை சரியா என்று கையே சொல்லிவிடும். ஈரமாக ஒரு பிடி அள்ளி அமுக்கினால் கொழுக்கட்டை மாதிரி நிற்கக் கூடாது. விரலைத் திறந்ததும் உதிர வேண்டும். பிறகு 20 செ.மீ. குழி தோண்டி தண்ணீர் நிரப்பினோம். கால் மணி நேரத்துக்குள் வடிந்தது. வடியாமல் நின்றிருந்தால் இன்னும் மணல் சேர்த்திருப்போம்.

நம் மண் புளிப்பு மண். சதுர மீட்டருக்கு 100 கிராம் டோலமைட் சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளறிவிட்டோம். கார அமிலக் கணக்கு (pH) 6.5க்கும் 7க்கும் நடுவில் வந்தால் போதும். இரண்டு வாரம் கிடக்கட்டும்.

2025 பிப்ரவரி 1

நடவு. மூன்று வகை: உயரத் தாடி ஐரிஸ் 3 கிழங்கு, புள்ளி ஐரிஸ் 8, மஞ்சள் நடக்கும் ஐரிஸ் 5.

உயரத் தாடி ஐரிஸ் என்றால் பூந்தண்டு 70 செ.மீ.க்கு மேல் போகும் ரகம். அமெரிக்க ஐரிஸ் சங்கத்தின் வகைப்பாடு அப்படி. மூன்று இதழ் மேலே நிமிர்ந்து நிற்கும், மூன்று கீழே தொங்கும், தொங்கும் இதழின் நடுவில் கம்பளிப்பூச்சி முதுகு மாதிரி ஒரு மயிர்வரிசை. அதுதான் தாடி.

கிழங்கு பார்க்க இஞ்சி மாதிரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இஞ்சியைப் போலவே புதைக்கிறார்கள், அங்கேதான் முதல் சாவு. சரியான முறை: குழியின் நடுவில் ஒரு சிறு மண்மேடு, அதன் மேல் கிழங்கு, இரண்டு பக்கமும் வேரைச் சரித்துவிட்டு வேரின் மேல் மட்டும் மண். கிழங்கின் முதுகு வெளியே தெரிய வேண்டும், குளத்தில் கிடக்கும் எருமை முதுகு தெரிகிற அளவுக்கு. இலை விசிறியை 15 செ.மீ. விட்டு வெட்டிவிட வேண்டும். வேர் பிடிக்காத கிழங்கு நீள இலைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாமல் சுருங்கிப் போகும். இடைவெளி 40 செ.மீ.

புள்ளி ஐரிஸை 2 செ.மீ. ஆழத்தில் வைக்கலாம். இடைவெளி 25 செ.மீ. நடக்கும் ஐரிஸ் மதியம் நிழல் விழும் ஓரத்துக்குப் போயிற்று. மற்ற இரண்டுக்கும் ஆறு மணி நேர நேர்வெயில்.

கிழங்கை வெளிநாட்டிலிருந்து தருவிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இறக்குமதி பெர்மிட்டும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் கையில் இருந்த பிறகே பணம் கட்டுங்கள். வேரில் மண் ஒட்டியிருக்கக் கூடாது.

2025 பிப்ரவரி 11

தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் சாலை கொதிக்கிறது. நட்டு பத்து நாள். ஒரு தடவைதான் தண்ணீர் விட்டோம், இனி மேல்மண் 5 செ.மீ. காய்ந்த பிறகு. கிழங்கை லேசாக அசைத்துப் பார்த்தால் இன்னும் ஆடுகிறது.

2025 மார்ச் 2

இப்போது ஆடவில்லை. வேர் பிடித்துவிட்டது. நடு விசிறியில் புது இலை 4 செ.மீ.

இலையைப் பார்த்து "இது வசம்புதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. தோற்றத்தில் அப்படித்தான். கசக்கி முகர்ந்தால் தெரிந்துவிடும்: வசம்பு இலை மணக்கும், ஐரிஸ் இலையில் பச்சை வாடை மட்டும். வசம்பு சேற்றில் வாழும், தாடி ஐரிஸ் சேற்றில் சாகும். பிள்ளை பெற்ற வீட்டில் வசம்பைச் சுட்டு உரைக்கும் பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐரிஸ் கிழங்கைத் தின்றால் வயிறு எரிந்து வாந்தி வரும். குழந்தைக்கு எந்தக் காரணத்துக்காகவும் அதை உரைத்துவிடாதீர்கள்.

2025 மார்ச் 23

முதல் உரம். செடிக்கு ஒரு மேசைக்கரண்டி எலும்புத் தூள், அரைத் தேக்கரண்டி 12-12-17 (தழை, மணி, சாம்பல் சத்துக் கணக்கு) நீல உரம். கிழங்கின் மேல் விழாமல் ஒரு சாண் தள்ளி வட்டமாகத் தூவ வேண்டும். கோழி எரு கூடாது. தழைச்சத்து ஏறினால் இலை பச்சைப்பசேல் என்று கொழுக்கும், கிழங்கின் சதை தளரும், அழுகல் நோய்க்கு அப்படிப்பட்ட சதைதான் வாகு.

2025 ஏப்ரல் 19

மதியம் மூன்று மணிக்கு மேல் தினம் இடி, மழை. தாடி ஐரிஸ் இலைகளில் பழுப்புப் புள்ளி, ஓரம் நீர்கோர்த்த மாதிரி. புள்ளி விழுந்த பகுதியை வெட்டிக் குப்பையில் போட்டோம், எருக்குழியில் இல்லை. மூன்று கிழங்குக்கும் மேலே ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு, 1.2 மீட்டர் உயரத்தில், நான்கு பக்கமும் திறந்தபடி. பக்கத்தை மூடினால் காற்று நின்று புள்ளி இன்னும் பரவும்.

2025 மே 25

புள்ளி ஐரிஸ் பூத்துவிட்டது.

தண்டு 80 செ.மீ., கிளைக்குக் கிளை மொட்டு. பூ ஒன்று 5 செ.மீ. அகலம், ஆறு இதழும் ஒரே அளவு, ஆரஞ்சு நிறத்தில் குங்குமத்தைத் தெறித்த மாதிரி சிவப்புப் புள்ளி. தாடி கிடையாது. காலையில் விரிந்து, மாலைக்குள் ஆறு இதழும் ஒன்றாகச் சேர்ந்து பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொள்கின்றன. வாடிய பூவைக் கிள்ள வேண்டாம், விதை அதிலிருந்துதான்.

1753இல் லின்னேயஸ் இதை ஆர்க்கிட் இனத்தோடு சேர்த்து எழுதினார். பிறகு நெடுங்காலம் பெலம்காண்டா சைனென்சிஸ். 2005இல் ஐரிஸ் இனத்தோடு சேர்த்து ஐரிஸ் டொமெஸ்டிகா என்று பெயர் மாற்றினார்கள். அதனால் சில நர்சரிகளில் பழைய பெயர்ச்சீட்டு இன்னும் தொங்கும். இதன் காய்ந்த கிழங்குச் சீவல் சீன மருந்துக் கடைகளில் ஷெகான் என்ற பெயரில் விற்பனையாகிறது. மருந்து தெரிந்தவர் கையில் மட்டும் இருக்கட்டும்.

2025 ஜூன் 8

நடக்கும் ஐரிஸில் மஞ்சள் பூ, காலை மட்டும். பூ முடிந்ததும் தண்டின் நுனியில் ஒரு குட்டிச் செடி முளைத்து, கனம் தாங்காமல் தண்டு வளைந்து தரையைத் தொடும். தொட்ட இடத்தில் வேர். அதனால்தான் அந்தப் பெயர். வேண்டாத இடத்துக்கு நடந்துவிடாமல், நுனிக்கு நேராக ஒரு சட்டியை வைத்துப் பிடித்துக்கொண்டால் ஆறு வாரத்தில் தனிச் செடி.

2025 ஜூலை 13

தாடி ஐரிஸ்: மூன்றிலும் இலை நன்றாக இருக்கிறது. பூந்தண்டின் அடையாளமே இல்லை, வராது என்பதையும் இங்கே பதிந்துவைக்க வேண்டும். பூச்சட்டியோடு படம் போட்டு 'வெப்ப நாட்டிலும் பூக்கும்' என்று விற்பதை நம்பிப் பணம் கொடுக்கிறவர்கள் அதிகம், அது வருத்தமாக இருக்கிறது.

காரணம் இதுதான். உயரத் தாடி ஐரிஸின் மூதாதைகள் தென் ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வளர்ந்த செடிகள். கோடை காய்ந்து, இலையுதிர்காலம் குளிர்ந்து, பனிக்காலம் வந்துபோக வேண்டும். அந்தக் குளிர் வாரங்களில்தான் கிழங்கின் முனையில் மொட்டு உருவாகிறது. பினாங்கில் நடு இரவிலும் 24 பாகை அளவில் நிற்கிறது. நிலநடுக்கோட்டுக்கு 5 பாகை வடக்கில் இருப்பதால் பகல் நீளமும் ஆண்டு முழுக்க முக்கால் மணி நேரம்கூட மாறுவதில்லை. பருவம் மாறியது என்று செடிக்குச் சொல்ல இங்கே எதுவுமே இல்லை. கொடிமலை உச்சி 833 மீட்டர். அங்கேகூட உறைபனி விழாது.

கிழங்கைத் தோண்டி குளிர்ப்பெட்டியில் வைத்தால் என்ன? டியூலிப் குமிழுக்கு அது நடக்கும், தூங்கும் குமிழ் அது. தாடி ஐரிஸோ இலையோடு, வேரோடு நின்று குளிரை வாங்கும் செடி. பெட்டிக்குள் ஈரம் தங்கி நீலப் பூஞ்சை பிடிப்பதுதான் பெரும்பாலும் மிச்சம்.

2025 செப்டம்பர் 14

மழைக்காலம் இறங்கிவிட்டது. தாடி ஐரிஸ் இரண்டாம் கிழங்கில் நடு இலை மஞ்சள். பிடித்து இழுத்ததும் வெண்ணெயிலிருந்து கத்தி வருவது போலக் கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்புக் கூழ், நாற்றம். இது பாக்டீரியா அழுகல். வெறும் தண்ணீரால் மட்டும் வராது, உள்ளே நுழைய ஒரு காயம் வேண்டும். வட அமெரிக்காவில் அந்தக் காயத்தைப் போடுவது ஐரிஸ் துளைப்பான் புழு. இங்கே நத்தையின் வாயும் களைக்கொத்தும். கிழங்கின் ஓரத்தில் நத்தை சுரண்டிய தடம் தெளிவாக இருந்தது.

செய்தது: கிழங்கைத் தோண்டி எடுத்து, பழைய கரண்டியால் கூழ் முழுவதையும் சுரண்டினோம். வெள்ளையாக, உருளைக்கிழங்கு மாதிரி கெட்டியான சதை வரும்வரை நிறுத்தக் கூடாது. பிறகு 1 பங்கு குளோராக்ஸ் (துணி வெளுக்கும் திரவம்), 9 பங்கு தண்ணீரில் பத்து நிமிடம். கத்தி, கரண்டி எல்லாம் அதே கரைசலில். மழை படாத வெயிலில் மூன்று நாள் காயவைத்து, வெட்டிய முகம் தோல் கட்டிய பிறகு கந்தகத் தூள் தடவி, வேறு மண்ணில் நடவு. நத்தைக்கு இரவு ஒன்பது மணிக்கு டார்ச் விளக்கோடு போய்க் கையால் பொறுக்குவதுதான் இன்னும் சிறந்த வழி. கையுறை போடுங்கள், ஆப்பிரிக்க நத்தையில் மனிதருக்குத் தொற்றும் புழு இருக்கலாம்.

2025 செப்டம்பர் 28

புள்ளி ஐரிஸ் ஒன்று அடியோடு சாய்ந்தது. நாற்றமில்லை, அதனால் இது வேறு நோய். மண்ணோடு ஒட்டிய இடத்தில் வெள்ளை நூல் படர்ந்து, அதில் கடுகு கடுகாகப் பழுப்பு உருண்டைகள். ஸ்கிளெரோஷியம் பூஞ்சை. அந்தக் கடுகு ஒவ்வொன்றும் ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். செடியையும் சுற்றிலும் ஒரு சாண் அகலம், ஒரு சாண் ஆழம் மண்ணையும் பையில் கட்டி வெளியேற்றினோம். அடியில் போட்ட தேங்காய்நார் மூடாக்கையும் அள்ளியாயிற்று. பூஞ்சைக்கு அது மெத்தை. தாடி ஐரிஸுக்கு மூடாக்கே கூடாது, புள்ளி ஐரிஸுக்கும் தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளியே.

2025 அக்டோபர் 22

தீபாவளி முடிந்து இரண்டு நாள். புள்ளி ஐரிஸ் காய்கள் வெடித்து, உள்ளே பளபளக்கும் கறுப்பு விதைகள் கொத்தாக. ஒரு பகல் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மேலே சொன்ன கலவையில் 1 செ.மீ. ஆழத்தில் விதைத்தோம். முளைப்பு ஒரே நாளில் வராது: சில இரண்டு, மூன்று வாரத்தில், சில மாதங்கள் கழித்து. சட்டியை அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள்.

2025 டிசம்பர் 21

மழை தணிகிறது. அடுத்த பிப்ரவரிக்குக் கிழங்கு பிரிக்கும் கணக்கு: புள்ளி ஐரிஸில் மூன்று தூர் மட்டும், ஒவ்வொரு துண்டிலும் ஒரு விசிறி, குறைந்தது நான்கு வேர். தாடி ஐரிஸ் மூன்றும் அசையாமல் இருக்கட்டும். குளிர் நாட்டிலேயே மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் பிரிப்பார்கள். நீல வாள் இலைக்காக மட்டும் அந்த இடத்தைக் கொடுக்கலாம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். பூ வேண்டுமென்றால் அந்த ஒன்றே கால் சதுர மீட்டரில் புள்ளி ஐரிஸ் இன்னும் இருபது போகும். டோலமைட் இரண்டு கிலோ வாங்க வேண்டும், ஆற்று மணல் ஐந்து மூட்டை.