கரிக்குள் இருக்கும் நிறம்

நம் பள்ளியில் படித்தவர்களில் பலருக்கு விளையாட்டுத் திடலும் காலை வழிபாடும் நினைவில் நிற்கும். எனக்கு மாடியின் கோடியில் இருந்த ஓவிய அறைதான் பள்ளி. வடக்குப் பார்த்த சன்னல்கள், கறை ஏறிய நீண்ட மேசைகள், அலமாரியின் மேல் மரத்தில் கடைந்த கூம்பு, உருளை, கனசதுரம். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் என்று எழுதியவர்கள் அந்தக் கூம்பை மறந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஓவிய ஆசிரியர் தேர்வுக்குப் பென்சிலையும் மற்ற எல்லாவற்றுக்கும் கரியையும் வைத்திருந்தார். கடையில் விற்கும் கரி அல்ல. அவரே சுட்ட கரி. சுண்டுவிரலைவிட மெல்லிய புளியங்குச்சிகளைப் பட்டை உரித்துக் காயவைப்பார். காலிப் பால்மாவு டப்பாவில் அசைய இடமில்லாமல் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, விளிம்பைக் களிமண்ணால் பூசி விறகடுப்புக்குள் தள்ளுவார். துளை வழியே முதலில் வெள்ளைப் புகை வரும். புகை நின்றால் குச்சி கரியாகிவிட்டது என்று பொருள். ஆனாலும் டப்பா முழுவதும் ஆறும்வரை யாரும் தொடக் கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே இருப்பதெல்லாம் சாம்பலாகிவிடும். கலம்காரித் துணியில் கோடு போடுகிறவர்கள் புளியங்குச்சிக் கரியைத்தான் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலங் கரியை அவர் தொடமாட்டார். அது அடுப்புக்கு நல்லது. தாளில் வைத்தால் கீறும்.

சனிக்கிழமைகளில் எங்களில் சிலரைத் திருமலை நாயக்கர் மகாலுக்கு அழைத்துப் போவார். 1636இல் கட்டிய அந்த மாளிகையின் பெருந்தூண்களையும் சுதை வேலையையும் பார்க்க வருபவர்கள் அண்ணாந்து பார்த்து வியந்துவிட்டுப் போவார்கள். எங்களை அவர் முற்றத்தின் ஓரத்தில் தரையில் உட்காரவைப்பார்.

"முதலில் வெயில் எங்கே நிற்கிறது என்று பார், தம்பி. தூணை அப்புறம் பார்க்கலாம்."

கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்க்கச் சொல்வார். தூண், வளைவு, யாளி எல்லாம் கரைந்து போய் வெளிச்சம் ஒரு பக்கமும் இருட்டு ஒரு பக்கமும் மட்டும் எஞ்சும். அதைக் கரியால் தாளில் அப்பிவிட்டு, பிறகுதான் கோடு. அந்தக் கல்வியை நான் பெரிதாக நினைக்கிறேன். நிறம் எது என்று கேட்பதற்கு முன்னால் எவ்வளவு இருட்டு என்று கேட்கும் பழக்கம் அந்தத் தரையில் உட்கார்ந்துதான் வந்தது.

நிறம் என்ற கேள்வி மதுரையை அடுத்த ஆனைமலையில் எழுந்தது. ஒத்தக்கடைக்குப் பஸ்ஸில் போய், நரசிங்கம் செல்லும் வழியில் வயல் வரப்பில் நின்று வரைவோம். ஒரே கல்லாகப் படுத்திருக்கும் மலை. அதன் அடியில் கி.பி. 770இல் பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயில் இருக்கிறது. ஆசிரியர் அங்கே கல்வெட்டைக் காட்டிவிட்டு மறுபடியும் மலையைப் பார்க்கத் திருப்பிவிடுவார். (2010இல் இந்த மலையைச் சிற்ப நகரமாக்கும் யோசனை வந்தபோது சுற்றுவட்டார மக்கள் எழுந்து நின்று தடுத்தார்கள். அவர்களுக்கு நான் என்றும் கடன்பட்டவன்.)

ஆனைமலையின் உடம்பில் மேலிருந்து கீழாகக் கறுப்புத் தடங்கள் ஓடுகின்றன. மழைநீர் வழியும் பாதையில் நுண்ணுயிர்கள் படிந்து பாறை கறுத்திருக்கிறது. தொலைவிலிருந்து பார்த்தால் சுத்தக் கறுப்பு. கரியை அழுத்தித் தேய்த்தால் சரியாக வந்துவிடும் என்றுதான் தோன்றும். அப்படித் தேய்த்தபோது மலையில் ஓட்டை விழுந்தது போல் ஆகிவிட்டது. ஆசிரியர் அருகே வந்து நின்று வெகுநேரம் மலையையே பார்த்தார். பிறகு பையிலிருந்து காவிக்கட்டியை எடுத்து, பிளேடால் சுரண்டி, பொடியை விரலில் தொட்டுக் கரியின் மேலேயே தேய்த்தார். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. ஆனால் அதற்குள்ளிருந்து ஒரு சூடு எழுந்தது. பாறை பாறையாயிற்று.

"இந்த ஊர்க் கல்லில் நிறம் மேலே பூசியதில்லை. கறுப்புக்கு உள்ளே இருக்கிறது" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் பெட்டிகளில் காவியும் செம்மண்ணும் சுண்ணாம்புத்தூளும் சேர்ந்தன. சிரமம் என்னவென்றால் இவை தாளில் பிடிக்காது. காவி ஒரு பக்கம் திட்டாக நிற்கும், ஒரு பக்கம் உதிரும். அதற்காக ஆசிரியர், நாற்காலி மேசைகளுக்கு மெருகு போடுகிறவர்கள் வாங்கும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, வாயால் ஊதும் குழாய் வழியாகப் பனிபோல் தெளிப்பார். எட்டி நின்று மெல்ல ஊத வேண்டும். கிட்டே போனால் துளி விழுந்து கறை தட்டும். அந்த அரக்கு வாசனை ஓவிய அறைச் சுவர்களிலேயே ஊறியிருந்தது.

வேலைக்காக இங்கிலாந்து வந்து நெடுங்காலத்துக்குப் பிறகு, ஓவியப் பொருள்கள் விற்கும் கடையில் டெர்வென்ட் நிறுவனத்தின் நிறக்கரிப் பென்சில்களைப் பார்த்தேன். கரித்தூளோடு நிறமியைக் கலந்து பென்சிலாக்கியிருக்கிறார்கள். முழுப் பெட்டியில் 24 நிறங்கள். மணல், எரிதணல், சுட்ட மண், பச்சைப்பாசி, மலைநீலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்றுகூட உரத்த நிறம் இல்லை. எல்லாவற்றிலும் கரியின் நிழல் விழுந்திருக்கிறது. சுட்ட மண்ணை எடுத்துச் சோதனைத் தாளில் ஓர் இழுப்பு இழுத்தேன். ஆசிரியர் விரலால் தேய்த்த அதே நிறம். கடையில் நின்றபடியே கண் கலங்கிவிட்டேன்.

அந்த நிறுவனத்தின் ஊரான கெஸ்விக்குக்கும் போய் வந்தேன். மலையும் ஏரியும் சூழ்ந்த சிற்றூர். அருகிலுள்ள பாரோடேல் பள்ளத்தாக்கில் 16ஆம் நூற்றாண்டில் வெட்டியெடுத்த கிராஃபைட்தான் அங்கே பென்சில் தொழில் வேரூன்றக் காரணம். 1832இல் தொடங்கிய தொழிற்சாலை 2008இல் வொர்க்கிங்டன் பக்கம் இடம்பெயர்ந்துவிட்டது. அருங்காட்சியகம் மட்டும் கெஸ்விக்கிலேயே இருக்கிறது. மலையடிவார மக்கள் தங்கள் மண்ணிலிருந்து எழுதுகோல் செய்த இடத்தில் நின்றபோது புளியங்குச்சி அடுக்கிய டப்பாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இதைப் படிப்பவர்களில் வரையும் ஆசை உள்ளவர்களுக்குச் சில சொற்கள். நிறக்கரியை வண்ணப் பென்சில் போல் நினைத்துக் கோடு கோடாக நிரப்பினால் அழுக்காகத் தெரியும். இது கரி; கரியைப் போலத்தான் நடத்த வேண்டும். சொரசொரப்பான தாள் வேண்டும், வழவழப்பில் தூள் பிடிக்காது. சாம்பல் அல்லது மங்கிய பழுப்பு நிறத் தாள் இன்னும் நல்லது. வெள்ளைப் பென்சிலுக்கு அதில்தான் வேலை இருக்கிறது. ஷார்ப்பனரில் திருகினால் உள்ளிருக்கும் கரி ஒடிந்துகொண்டே இருக்கும், பிளேடால் சீவுங்கள். சீவும்போது விழும் தூளைக் கொட்டிவிடாமல் துணியில் தொட்டு வானத்துக்குத் தேய்க்கலாம். வெளிச்சம் வேண்டிய இடத்தில் பிசையும் ரப்பரை ஒற்றி எடுங்கள். தேய்த்தால் தாளுக்குள் இறங்கிவிடும். முடித்ததும், தூளைத் தாளில் பிடித்து நிறுத்தும் ஃபிக்சேட்டிவ் தெளிக்காவிட்டால் ஒரு முழங்கை பட்டாலே படம் போய்விடும். தெளித்தால் படம் சற்றே கறுக்கும், ஆகவே வெளிச்சத்தைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டுவைக்க வேண்டும்.

சென்ற முறை ஊருக்கு வந்தபோது அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆனைமலைக்குப் போனேன். ஒத்தக்கடை அடையாளம் தெரியாமல் வளர்ந்திருக்கிறது. வரப்பு இருந்த இடத்தில் வீடுகள். ஒரு வீட்டு அம்மா மொட்டை மாடிக்குப் போக அனுமதித்து, நாற்காலியும் போட்டுக் கொடுத்தார். காலை வெயில் மலையின் முதுகில் மட்டும் இருந்தது. முதுகுக்கு மணல் நிறத்தைச் சாய்த்துப் பிடித்து இழுத்தேன். சரிவுக்கு மலைநீலம், அதன்மேல் லேசாகச் சுட்ட மண். கறுப்புத் தடங்களுக்கு வந்தபோது முதலில் பச்சைப்பாசியையும் எரிதணலையும் இட்டு விரலால் குழைத்து, கடைசியில்தான் அடர்கரியை வைத்தேன். உற்றுப் பார்த்தால் தடங்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு. நீர் அதிகம் ஓடுவது பச்சைக்குச் சாய்கிறது, காய்ந்து கிடப்பது செம்பழுப்புக்குச் சாய்கிறது. இத்தனை காலம் பார்த்த மலையில் இதை நான் அன்றுதான் கண்டேன். வெயில் ஏறி மலை முழுவதும் வெளுத்துப்போகும்வரை கை நிற்கவில்லை. எழுந்து பார்த்தால் அந்த அம்மாவின் பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். ஆளுக்கொரு பென்சில் கொடுத்தேன். சின்னவன் எரிதணலைத் திருப்பித் தர மறுத்துவிட்டான். அவனிடமே இருக்கட்டும்.

ஓவிய அறைக்கு நம் முன்னாள் மாணவர் சங்கம் செய்யக்கூடிய உதவி பற்றிச் செயற்குழுவில் பேசியிருக்கிறேன். கணினியும் புரொஜெக்டரும் வாங்கித் தர முன்வருபவர்கள் பலர் இருக்கிறார்கள், மகிழ்ச்சி. நான் கேட்பது நல்ல தாள், பிசையும் ரப்பர், சில பெட்டி நிறக்கரிப் பென்சில்கள், மாணவர்களை மாதம் ஒருமுறை மகாலுக்கும் மலைகளுக்கும் அழைத்துப் போகப் பஸ் செலவு. புளியங்குச்சி சுடுவதை நானே நேரில் வந்து சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

பொங்கல் விடுமுறைக்கு மதுரை வருபவர்கள் கீழக்குயில்குடிக்கு வாருங்கள். சமணர் மலையில் செட்டிப்புடவு என்னும் குகையின் தீர்த்தங்கரர் சிற்பங்களையும் அடிவாரத்துத் தாமரைக் குளத்தையும் சேர்ந்து வரையலாம். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், ஆகவே விடியும்போதே அங்கே இருங்கள். தாளும் பலகையும் பென்சிலும் என் பொறுப்பு. ஆளுக்கொரு பிளேடும் பழைய பருத்தித் துணியும் கொண்டு வந்தால் போதும்.