உப்புக்காத்துல நிக்கிற கோயிலும் கடுக்காய்த் தண்ணியும்

ராமேஸ்வரம் போனா தனுஷ்கோடி கோதண்டராமர் கோயில்ல கொஞ்ச நேரமாச்சும் உக்காந்துட்டு வாங்க, விபீஷணருக்குப் பட்டாபிஷேகம் நடந்த இடம் அது. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல ரயிலு, ஸ்டேஷன், சர்ச்சுன்னு ஊரே அழிஞ்சு போச்சு, இந்தக் கோயில் மட்டும் தப்பிச்சு நின்னுச்சு. எங்கம்மா ராமா ராமான்னு சொல்லிட்டே பிரகாரத்தச் சுத்துனாங்க, எனக்கும் கண்ணு கலங்கிருச்சு.

அங்கருந்து இடிஞ்ச சர்ச்சப் பாக்கப் போனோம். சுவரெல்லாம் பவளக்கல்லு, கிட்டப் போனா சின்னச் சின்ன துளையோட பவளப்பூச்சி கட்டுன தடம் அப்படியே தெரியுது. இத பழையபடி கட்டக்கூடாதான்னு கூட வந்த மச்சான் கேட்டாரு. அதே கல்லுல முடியாது, பவளத்த எடுக்குறது இப்ப சட்டப்படி குத்தம், மன்னார் வளைகுடால மிச்சம் இருக்குற பவளமாவது உசுரோட இருக்கட்டும். ஆனா அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் கலவை இன்னைக்கும் நம்ம கைல இருக்கே, அத ஏன் விட்டோம்ங்கிறதுதான் எனக்கு ஆதங்கம்.

ராமேஸ்வரம் ராமநாதசுவாமி கோயில் மூணாம் பிரகாரத்துல நடக்குறப்பவும் இதே நினைப்புதான். தீவுல கருங்கல்லே கிடையாது, சேதுபதி மகாராஜாக்கள் காலத்துல அவ்வளவு கல்லும் கடல் தாண்டி வந்து 1212 தூணா நிக்குது, மேல சுண்ணாம்புல செஞ்ச சுதை வேலை வேற.

திரும்பி வர்ற வழில திருப்புல்லாணி ஆதிஜெகந்நாதப் பெருமாளச் சேவிச்சுட்டு எங்க குலதெய்வம் அம்மன் கோயிலுக்குப் போனோம். முன் மண்டபம் மழைல இடிஞ்சு இப்ப திருப்பணி நடக்குது, பாலாலயம் பண்ணி அம்மன வெளிய கொட்டகைல வெச்சிருக்காங்க. முன்ன ஒரு தடவ யாரோ சிமெண்ட் பூசி விட்டுருந்தாங்க, அதுதான் வினை. கடலோரத்துல சிமெண்டு ஈரத்த உள்ளயே அடைச்சிரும், உப்பு வெளிய வர வழியில்லாம செங்கல்ல பொடிப்பொடியா உதுத்துரும், உள்ள கம்பி இருந்தா துருப்புடிச்சு ஊதி வெடிச்சிரும். சுண்ணாம்பு அப்படியில்ல, ஈரத்த வெளிய விடும், காத்துல இருக்குற கரியமில வாயுவ இழுத்து மெதுவா கல்லா இறுகும்.

இந்தத் தடவ பெரியவங்க பிடிவாதமா சுண்ணாம்புதான்னு சொல்லிட்டாங்க. தண்ணி ஊத்தி நீத்துன சுண்ணாம்ப சலிச்சு, மணலோட சேத்து அரைச்சு, தட்டி ஊறப்போட்ட கடுக்காய்த் தண்ணியும் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கரைச்ச தண்ணியும் ஊத்தி ஊத்தி மறுபடி அரைக்கிறாங்க, இடமே புளிச்ச வாசனையும் இனிப்பு வாசனையுமா இருக்கு. எப்பண்ணே பதம்னு கேட்டேன். மேஸ்திரி அண்ணன் ஒரு கரண்டி அள்ளித் தலகீழா கவுத்துனாரு, வெண்ணெ மாதிரி ஒட்டிட்டு நின்னுச்சு, விழல. "இதான் தம்பி பதம், விழுந்தா இன்னும் அரைக்கணும்"னாரு. என் கையால ஒரு கல்லுக்கு அடில கலவை வைக்கச் சொன்னாரு, அம்மா தாயேன்னு கும்பிட்டுட்டு வெச்சேன், அந்தச் சந்தோஷத்த எழுதத் தெரியல.

நம்ம பங்காளிங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள், தை மாசமே கும்பாபிஷேகம் வைக்கணும்னு அண்ணன நெருக்காதீங்க. ஒவ்வொரு பூச்சும் நிதானமா காயணும், அவசரப்பட்டா வெடிப்பு விட்டுரும், விமானத்துச் சுதை பொம்மையெல்லாம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. பாரிஸ்ல 2019ல எரிஞ்ச நோத்ர தாம் சர்ச்சோட கூரைய பழைய மாதிரியே ஓக் மரத்துல, உத்தரத்தக் கோடாலியால செதுக்கிச் செஞ்சு 2024 டிசம்பர்லதான் திறந்தாங்க, அவங்களே அவ்வளவு பொறுத்திருக்காங்க. குடுக்க நினைக்கிறவங்க சிமெண்ட் மூட்டை வாங்கிப் போடாதீங்க, கருப்பட்டியும் கடுக்காயும்தான் இப்ப தேவைப்படுது, நேரா கோயில்ல கொண்டு போய் குடுத்துருங்க.