கறுப்பை வைத்து ஓர் அச்சுப்பொறியை எடைபோடுவது

ஏ2 அளவில், அதாவது 420க்கு 594 மில்லிமீட்டரில், தம் படங்களைத் தாமே அச்சிட நினைக்கும் புகைப்படக்காரர்கள் பினாங்கிலும் பெரும்பாலும் 17 அங்குல அகலத் தாளை ஏற்கும் இரண்டு அச்சுப்பொறிகளுக்கு இடையில்தான் தயங்குகிறார்கள். ஒன்று எப்சன் பி900. மற்றொன்று கேனன் புரோ-1000. 2024இல் அதன் அடுத்த வடிவமாகப் புரோ-1100 வந்துவிட்டாலும், பழையதும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

விளம்பரங்கள் நிறங்களின் எண்ணிக்கையையே முன்னிறுத்துகின்றன. எனக்கு அது இரண்டாம் பட்சம். தைப்பூச இரவில் தண்ணீர்மலையில் எடுத்த படங்களும், எண்ணெய் விளக்கொளியில் எடுத்த முகங்களும் என் வேலையில் பெரும்பங்கு; கறுத்த மேனி, அதைவிடக் கறுத்த கூந்தல், புகை படிந்த கற்சுவர் ஆகிய மூன்றும் அவற்றில் ஒரே நிழலுக்குள் அடுத்தடுத்துக் கிடக்கும். அவற்றைப் பிரித்துக் காட்டாத இயந்திரம் மயில்தோகையின் பச்சையை எவ்வளவு அழகாக அச்சிட்டாலும் எனக்குப் பயனில்லை.

ஆகவே என் சோதனைக் கோப்பில் முதலில் இருப்பது, முழுக் கறுப்பிலிருந்து படிப்படியாக வெளிறும் சாம்பல் கட்டங்கள். எந்தக் கட்டத்தில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது என்பதே கேள்வி. அடுத்து ஒரு முகம், இரு வண்ணம் காட்டும் பட்டுச்சேலை, மேகமில்லாத அந்திவானம். ஒரே கோப்பை ஒரே தாளில், அந்தத் தாளுக்குரிய ப்ரொஃபைலுடன் (அந்தத் தாளில் நிறங்கள் சரியாக விழ உதவும் அமைப்புக்கோப்பு) இரண்டிலும் அச்சிட்டு, மை நன்றாக உலர்ந்த பிறகு சன்னல் வெளிச்சத்திலும் வீட்டு எல்இடி விளக்கிலும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். சன்னலோரம் நடுநிலையாகத் தெரிந்த சாம்பல் நிறம் விளக்கின் கீழ் பச்சை தட்டுவதுண்டு. வாங்குபவர் படத்தை மாட்டப்போவது வரவேற்பறையில்தானே!

பளபளப்புத் தாளில் இரண்டும் வெவ்வேறு வழியில் கறுப்பை ஆழமாக்குகின்றன. கேனனின் 12 கார்ட்ரிட்ஜ்களில் ஒன்று நிறமற்ற பூச்சுக்கே உரியது. அதனால் தாளைச் சாய்த்துப் பார்க்கும்போது மை விழுந்த இடத்துக்கும் விழாத வெள்ளைக்கும் இடையே மினுமினுப்பு மாறுவது குறைகிறது. 10 நிறங்கள் கொண்ட எப்சன், கறுப்பின் மேல் வெளிர்சாம்பல் மையை ஒரு படலமாகப் பூசுகிறது. சாய்த்துப் பார்த்தால் எனக்குக் கேனன் பிடிக்கிறது. நேராகப் பார்த்தால் என் கண்ணுக்கு வேறுபாடு மிகச் சிறியது. மேட் தாளில், அதாவது பளபளப்பில்லாத தாளில், இரண்டுமே அந்த ஆழத்தை எட்டுவதில்லை. அங்கே இயந்திரத்தை மாற்றுவதைவிடத் தாளை மாற்றுவதே பலன் தரும்.

எப்சனின் பழைய பி800இல் மேட் கறுப்பும் பளபளப்புக் கறுப்பும் ஒரே வழியைப் பகிர்ந்ததால், தாள் வகையை மாற்றும்போதெல்லாம் மை வீணானது. பி900இல் இரண்டுக்கும் தனித்தனி வழி இருக்கிறது. இரண்டு வகைத் தாளிலும் அச்சிடுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

மை உலர்ந்து துளைகள் அடைபடும் விஷயத்தில் அடிப்படையே வேறு. கேனன் மையைச் சூடாக்கிக் குமிழியால் தள்ளுகிறது. அடைபட்ட துளையின் வேலையை வேறு துளைகள் ஏற்றுக்கொள்ளும், மையைத் தெளிக்கும் ஹெட் தேய்ந்தால் நாமே புதியது வாங்கி மாட்டலாம். எப்சன் மின்னழுத்தத்தால் அசையும் நுண்பகுதியைக் கொண்டு மையைத் தள்ளுகிறது. அதன் ஹெட் நீண்டகாலம் உழைக்க வேண்டியது, மாற்ற நேர்ந்தால் பணிமனைக்குத்தான் போக வேண்டும். வாரக்கணக்கில் இயந்திரத்தைத் தொடாதவருக்கு நான் கேனனையே சொல்வேன். ஆனால் அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் ஒவ்வொரு முறையும் மை செலவாகும் என்பதையும், அதற்குச் சுருள்தாள் வசதி இல்லை என்பதையும், ஏறத்தாழ 32 கிலோ எடையை ஜார்ஜ்டவுன் கடைவீட்டின் செங்குத்தான மரப்படியில் ஏற்ற இருவர் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

மை விலையைக் கார்ட்ரிட்ஜ் கணக்கில் ஒப்பிடக் கூடாது. எப்சனுடையது 50 மில்லி, கேனனுடையது 80 மில்லி. ஒரு மில்லிக்கு எத்தனை ரிங்கிட் என்று வகுத்துப் பார்ப்பதே முறை. கேனனின் 24 அங்குலப் புரோ-2000க்கு 700 மில்லி வரை கார்ட்ரிட்ஜ் கிடைப்பதால் அந்தக் கணக்கில் அது முந்தும். ஆனால் மாதத்தில் சில படங்களே அச்சிடுபவருக்கு அவ்வளவு மையை வாங்கி வைப்பது முடங்கிய பணம். அவர் பெரிய படங்களை மட்டும் வெளியே கொடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம்.