நெடுந்தீவில் ஒரு பகல் நடை

ஜனவரி 18, ஞாயிறு

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலுக்குள் கிடக்கிற நெடுந்தீவுக்குப் போய் நடப்பதென்று இன்றைக்கு முடிவாகிவிட்டது. நான், தங்கச்சி, அவளோடு படிப்பிக்கிற இரண்டு பேர். ஓட்டோ பிடித்து ஒவ்வொரு இடத்திலும் இறங்கிப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிற பயணம் எங்களுக்கு வேண்டாம். கொஞ்ச இடம் போதும், அதைக் காலால் பார்க்க வேண்டும்.

நாள் குறிக்க முன்னம் காற்றைப் பார்க்க வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி மழையும் வாடையும். வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று எழும்பிவிடும். கடலும் முரண்டு பிடிக்கும், தீவும் காய்ந்து கிடக்கும். இடையில் வருகிற தையும் மாசியும்தான் நடைக்கு ஏற்ற காலம். மழை விட்டிருக்கும், புல் பச்சை மாறியிருக்காது. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவும் பெரும்பாலும் மாசி பங்குனியில்தான் வரும். அப்போது நெடுந்தீவுக்குப் படகு புறப்படுகிற குறிகட்டுவான் துறை யாத்திரிகர்களால் நிறைந்துவிடும். அதற்கு முன்னமே பெப்ரவரி 7, சனிக்கிழமை என்று குறித்திருக்கிறோம்.

ஜனவரி 22, வியாழன்

முன்வீட்டு மாமி நெடுந்தீவில் பிறந்து வளர்ந்தவ. விசயத்தைச் சொன்னதும் அவ கேட்ட முதல் கேள்வி, "தண்ணி எவ்வளவு கொண்டு போறியள், பிள்ளை?"

ஆளுக்கு இரண்டு லீற்றர் என்றேன். "காணாது. நாலு கொண்டு போங்கோ. அங்கத்தைச் சனத்திட்டைக் கேட்டால் இல்லையெண்டு சொல்லாயினம். அதாலைதான் கேட்கக்கூடாது."

அந்தக் கடைசி வசனத்தை நான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். நெடுந்தீவு சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தட்டையான சுண்ணாம்புக்கல் தீவு. ஆறு கிடையாது, மலை கிடையாது. பெய்கிற மழை கல்லின் துளைகளுக்குள்ளால் இறங்கி, கீழே ஊறி நிற்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கும். உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் பாரம் குறைவு என்பதால்தான் இரண்டும் அப்படிப் பிரிந்து நிற்கின்றன. கிணற்றில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும். ஏறினது இறங்க அடுத்த மாரி வரவேண்டும். நல்ல தண்ணீருக்குச் சாராப்பிட்டிக் கிணறுகள் பேர்போனவை என்று மாமி சொன்னா. வாளியோடு வரிசையில் நின்ற கதைகளையும் சொன்னா. ஒரு நாளைக்கு மட்டும் போகிற நாங்கள் அந்தத் தண்ணீரில் கைவைப்பது நியாயமில்லை. நாலு லீற்றர்தான், முடிவு.

ஜனவரி 25, ஞாயிறு

வரைபடத்தை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். தங்கச்சிக்குப் பெருக்கு மரம் (பாவோபாப்) பார்க்க வேண்டும், எனக்குத் தீவில் திரிகிற குதிரைகள், மற்ற இருவருக்கும் தென்முனையில் நிற்கிற குவிந்தா கோபுரம். முன்னாளில் கப்பலோட்டிகளுக்கு அடையாளமாக முருகைக்கல்லால், அதாவது கடற்பவளக் கல்லால், கட்டின கோபுரம் அது.

காலைப் படகில் போய் இறங்கினால், பின்னேரப் படகுக்கு முன் கையில் இருப்பது ஐந்து மணித்தியாலம் சொச்சம். துறை தீவின் வடக்குப் பக்கம். அங்கிருந்து தெற்கே நடந்து போய்த் திரும்பவும் நடப்பதென்றால், களைக்கிற நேரத்தில்தான் படகுக்கு ஓட வேண்டியிருக்கும். அதனால் தலைகீழாக மாற்றிவிட்டோம். இறங்கியவுடன் ஓட்டோவில் நேரே தென்முனைக்குப் போவது. அதை அனுப்பிவிட்டு அங்கிருந்து துறையை நோக்கி நடப்பது. எடுத்துவைக்கிற ஒவ்வொரு அடியும் படகுக்குக் கிட்டக் கொண்டுவரும். ஆருக்காவது ஏலாமல் போனாலும், வடக்கே வர வர வீடும் தெருவும் ஆட்களும் கூடும். இந்த மாதத்தில் மத்தியானச் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்பதால் வெய்யிலும் முதுகில்தான் விழும். நாள் பயணமாக எந்தத் தீவுக்குப் போனாலும் நான் இப்படித்தான் திட்டம் போடுவேன்.

வெடியரசன் கோட்டையை விட்டுவிட்டோம். அது மேற்கே, திசையே வேறு. தங்கச்சிக்கு மனமில்லை. ஆனாலும் விட்டதுதான் சரி.

ஜனவரி 31, சனி

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் குறிகட்டுவான் வரை ஒருதரம் போய்வந்தேன். பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, வேலணை, பிறகு இரண்டு பக்கமும் கடல் விரிகிற தாம்போதி, புங்குடுதீவு. காலைப் படகு எட்டு மணியளவில் என்றார்கள். கடலில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். நேரம் மாறலாம், முதல் நாள் விசாரித்துவிட்டு வாருங்கள் என்றும் சொன்னார்கள்.

துறையில் நின்று பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. இது உல்லாசப் படகு அல்ல. ஆசிரியர்கள், கிளினிக் போய்த் திரும்புகிற வயசானவர்கள், அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், பனிக்கட்டிப் பெட்டி எல்லாம் இதில்தான் போகவேண்டும். ஊராட்கள் ஏறி முடிந்த பிறகுதான் நாங்கள் ஏறுவது. இடமில்லையென்றால் நயினாதீவுக்குப் போய்வருவோம், அதுவும் இதே துறைதான்.

இந்தக் கடலில் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போகவேண்டியது இன்னொன்று இருக்கிறது. 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, அதில் வந்தவர்களை, பெண்களையும் குழந்தைகளையும்கூட, வெட்டிக் கொன்றார்கள். நெடுந்தீவு மாவலித்துறையில் அவர்களுக்கு நினைவுத்தூபி இருக்கிறது. இறங்கியதும் முதலில் அங்கே போவது என்று நால்வரும் பேசிவைத்திருக்கிறோம்.

பெப்ரவரி 6, வெள்ளி

காற்று மெல்லிசு. படகு உண்டென்று சொல்லிவிட்டார்கள். தண்ணீர், தேசிக்காய், உப்பு, பனங்கட்டி, எள்ளுருண்டை, வாழையிலையில் கட்டின புளிச்சாதம். தொப்பி, முழுக்கைச் சட்டை. செருப்பு வேண்டாம், சப்பாத்துத்தான். முருகைக்கல் விளிம்பு கத்தி. வெறும் போத்தல்களைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பை.

பெப்ரவரி 8, ஞாயிறு

கால் இன்னும் நோகிறது. நினைவு மங்க முன்னம் எழுதிவிடுகிறேன்.

தூபியடியில் கொஞ்ச நேரம் நின்றோம். படகில் கூட வந்த ஒரு அம்மா தானாக வந்து பக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனா. பிறகு ஓட்டோ. தென்முனையில் கோபுரம் வெய்யிலில் வெள்ளையாக நின்றது. அதிலிருந்து வடக்கே திரும்பினால் கண்ணெட்டும் தூரத்துக்குப் புல்வெளி.

குதிரைகள் அங்கேதான் நின்றன. ஐரோப்பியர் காலத்தில் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை என்பார்கள். கட்டை உயரம், செம்மண் நிறமும் கபிலமும். கிட்டப் போகாமல் தள்ளியே நடந்தோம். ஒரு தொட்டியில் அடிமட்டமாகக் கிடந்த தண்ணீரை ஒரு குட்டி கழுத்தை நீட்டிக் குடித்தது, தாய் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. மாசியிலேயே தொட்டியில் இவ்வளவுதான் என்றால் ஆடியில் என்ன செய்யும்? வரட்சிக் காலத்தில் குதிரைகள் தண்ணீரில்லாமல் சாகிற செய்தியைப் பேப்பரில் வாசித்திருக்கிறேன். அந்தத் தொட்டியடியில் நின்றபோதுதான் அது உறைத்தது. வருகிறவர்கள் படமெடுக்கட்டும், அதோடு இந்தத் தொட்டிகளை நிரப்புவது ஆர், எப்படி என்றும் கேட்கட்டும்.

புல்வெளி முடிகிற இடத்தில் கல்வேலிகள் தொடங்கின. சாந்து இல்லை, சீமெந்து இல்லை. முருகைக்கல்லைப் பொறுக்கி ஒன்றின் மேல் ஒன்றாக இடுக்குவிட்டு அடுக்கியிருக்கிறார்கள். அந்த இடுக்குகளால் காற்று ஊடே போய்விடும், வேலி அதை எதிர்த்து நிற்க வேண்டியதில்லை. ஒரு வளவில் ஐயா ஒருவர் சரிந்த பகுதியைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். கல்லைக் கையில் உருட்டி, முகம் பார்த்து, பொருந்தாவிட்டால் கீழே வைத்துவிட்டு வேறொன்று. "அவசரப்பட்டால் ஆடு தள்ளிப்போடும், தம்பி" என்றார். கால் மணித்தியாலம் அவரோடேயே நின்றுவிட்டோம்.

அதனால் வைத்தியசாலைக்குப் பின்னால் இருக்கிற முருகைக்கல் கோட்டையை அவசரமாகத்தான் பார்த்தோம். முன்னாளில் புறா வளர்க்கக் கட்டின புறாக்கூட்டைத் தெருவில் நின்றே பார்த்தோம். பெருக்கு மரத்துக்கு நேரமில்லை. படகுக்கு அரை மணித்தியாலம் முன்னதாகவே துறைக்கு வந்துவிட்டோம்.

நாலு லீற்றரும் முடிந்தது. மாமியிடம் போய்ச் சொன்னேன்.

மேற்குப் பக்கத்துக்கு ஒரு இரவு தங்கினால்தான் சரிவரும். வெடியரசன் கோட்டையை விடியக் காலையில் பார்த்துவிட்டு, வெய்யில் ஏற முன்னம் திரும்பிவிடலாம். தங்கச்சி பங்குனிக்கு அறை விசாரிக்கிறாள். மாமியும் வரப்போகிறாவாம்.