யார் கை கொடுத்தாங்கன்னு சத்தமா சொல்லச் சொன்னோம்

ரங்கூன்ல எங்க பேட்டை கோயில் மண்டபத்துல ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்குறேன், மத்த நாள் சாயங்காலம் மேட்ரிக், அதாவது பள்ளிக்கூடத்து கடைசிப் பரீட்சை, எழுதுற பிள்ளைங்களுக்கு டியூஷன், ரெண்டுக்கும் வர்றது பெரும்பாலும் அதே பிள்ளைங்கதான். 1965ல தனியார் பள்ளிக்கூடம் எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிட்டதுக்கு அப்புறம் இங்க தமிழ் கோயில் மண்டபத்துலயும் வீட்டு வாசல்லயும்தான் தங்குச்சு. அதனால தமிழ் சொல்லிக்கொடுக்குறதுன்னா பெரிய வருமானம் எதுவும் கிடையாது, ஆனா நான் பாக்குற வேலையில மனசு முழுசா நிக்கிறது அந்த மண்டபத்துலதான்.

மேட்ரிக் பரீட்சை மார்ச்ல வரும். அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை பாடத்தை மூடி வச்சுட்டு, பெரிய பிள்ளைங்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சு நின்னு, கஷ்டமான நேரத்துல தனக்கு யார் கை கொடுத்தாங்கன்னு வாய்விட்டு சொல்லணும்னு வச்சிருக்கோம். எழுதிக் கொண்டாரக் கூடாது. எழுதச் சொன்னா "என்னைப் பெற்றெடுத்த தாய் தந்தையருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும்"னு ஆண்டு விழா பேச்சுதான் வரும், ஒருத்தர் எழுதினதையே பத்து பேரும் எழுதிடுவாங்க. பேசும்போது அப்படி வராது, பர்மிய பேச்சும் தமிழும் கலந்துகிட்டு எது முதல்ல வாயில வருதோ அது வரும், நான் நடுவுல திருத்தவே மாட்டேன்.

இந்தத் தடவை முதல்ல எந்திரிச்ச பொண்ணு பிசிக்ஸ் பத்தி பேசுச்சு. எங்க பிள்ளைங்க நிலைமைய கொஞ்சம் சொல்லணும். வீட்டுல தமிழ், பள்ளிக்கூடத்துல பர்மிய மொழி, மேல் வகுப்புக்கு வந்தா கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி புஸ்தகமெல்லாம் இங்கிலீஷ். பாதி புரிஞ்சும் புரியாமலும் வரி வரியா மனப்பாடம் பண்ணித்தான் இத்தனை வருஷமா பிள்ளைங்க பரீட்சை எழுதியிருக்காங்க. ஆறு பாடம், ஒவ்வொண்ணுலயும் 40 மார்க் வாங்கணும், ஒண்ணுல போனாலும் மொத்தமும் போச்சு. 10 வருஷத்துக்கு முன்னாடியெல்லாம் எழுதுனவங்கள்ல மூணுல ஒருத்தர்தான் பாஸாவாங்க. அந்த பயத்தோட ராத்திரி தனியா உக்காந்து படிக்கிறது லேசான காரியம் இல்ல.

அந்தப் பொண்ணு சொன்னது அது அத்தைய. பஜார்ல காய்கறி விக்கிறவங்க, பர்மிய பள்ளிக்கூடத்துல நாலாவது வரைக்கும் போனவங்க, இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. இந்தப் பொண்ணு புஸ்தகத்தைப் பார்க்காம எழுதி முடிச்சதும் அத்தை ஒரு கையில புஸ்தகம் ஒரு கையில நோட்டுன்னு வச்சுகிட்டு எழுத்தோட உருவத்தை மட்டும் பாத்து பாத்து ஒத்துப் பாப்பாங்களாம். "இங்க ஒரு வளைவு கொறையுதே பாப்பா", "இந்தக் கோடு புஸ்தகத்துல மேல போகுது, நீ கீழ இழுத்துட்டே"ன்னு சொல்வாங்களாம். கரண்ட் எப்ப வருதோ அப்பதான் படிப்புங்கறதால சில நாள் அர்த்த ராத்திரிக்கு மேல ரெண்டு பேரும் எந்திரிச்சு உக்காருவாங்க, அத்தைக்கு விடிகாலையில சரக்கு எடுக்கப் போகணும், அப்பவும் உக்காருவாங்க.

அந்த அத்தை அப்ப மண்டபத்துக்குப் பின்னாடி அன்னதானத்துக்கு பூசணிக்காய் நறுக்கிகிட்டு இருந்தாங்க. "இதுல நான் என்ன செஞ்சேன், படிச்சது நீதானே"ன்னு அங்கேயிருந்தே குரல் வந்துச்சு. அந்தப் பொண்ணுக்கு நியூட்டன் விதிய தமிழ்லயும் பர்மிய மொழியிலயும் மாத்தி மாத்தி விளக்குனது நான்தான், ஆனா அது அத்தைய சொன்னதுதான் எனக்கு நிறைவா இருந்துச்சு. பாடத்தை விளக்க நாங்க நாலு பேர் இருக்கோம், கூட முழிச்சிருக்க அந்த வீட்டுல அத்தை ஒருத்தங்கதான் இருந்தாங்க.

அப்புறம் டீக்கடையில வேலை பாக்குற பையன். 2020ல கொரோனாவுக்கு பள்ளிக்கூடம் மூடுனதும் வேலைக்குப் போனவன், அடுத்த வருஷம் நாட்டு நிலைமை இன்னும் மோசமாச்சு, இவன மாதிரி போனவங்க நிறைய பேர் திரும்பி வரவே இல்ல. கடைக்காரர் பர்மாக்காரர், இவன் ஊலேன்னு, அதாவது பர்மிய மொழியில மாமான்னு, கூப்பிடுவான். மத்தியானம் கூட்டம் கொறைஞ்சதும் மூலை மேசைய இவனுக்குன்னு ஒதுக்கி, வாடிக்கையா வர்ற ஒரு காலேஜ் பையன்கிட்ட "இவனுக்கு கணக்கு சொல்லிக்குடு, டீக்கு காசு வேணாம்"னு சொன்னது அவருதான். திரும்ப பள்ளிக்கூடத்துல பேர் குடுக்க கூடவே வந்து நின்னதும் அவருதான்.

இதக் கேட்டு அதிகமா அசந்து போனது அவன் அம்மா. பையன் ராத்திரி லேட்டா வர்றதுக்கு அந்த ஆளு வேலைய ஏத்தி வைக்கிறதுதான் காரணம்னு அவங்க மாசக்கணக்கா மனசுல வச்சிருந்திருக்காங்க, படிக்கிறேன்னு சொல்லிட்டு ஃபெயிலாயிட்டா என்ன பண்றதுன்னு இவன் வீட்டுல வாயே திறக்கல. மறுநாள் காலையில அவங்க சர்க்கரைப் பொங்கல் வச்சு தூக்குல எடுத்துகிட்டு நேரா டீக்கடைக்குப் போயிருக்காங்க. கடைக்காரர் எல்லாத்தையும் கேட்டுட்டு, பரீட்சை முடியிற வரைக்கும் காலையில மட்டும் வந்தா போதும், சம்பளத்துல கை வைக்க மாட்டேன்னு சொல்லி அனுப்பியிருக்கார். இதுக்காகத்தான் சத்தமா சொல்லச் சொல்றேன், பேப்பர்ல எழுதி என்கிட்ட குடுத்திருந்தா அது என் பையிலயே கிடந்திருக்கும்.

ஒரு பொண்ணு மட்டும் எந்திரிச்சு "எனக்கு யாரும் இல்ல டீச்சர், நானேதான்"னு சொல்லிட்டு உக்காந்துருச்சு. சரிம்மான்னு விட்டுட்டேன். நல்லா யோசிச்சுப் பாருன்னு நோண்டி ஒரு பேர வாங்கியிருந்தா அது பொய்யாத்தான் இருந்திருக்கும், அந்தப் பிள்ளை பட்டது அதுக்குத்தான் தெரியும். டியூஷன்ல இப்ப அத என் பக்கத்து பெஞ்சுல உக்கார வச்சிருக்கேன், முடிஞ்சதும் அதே தெருவுக்குப் போற பெரிய பிள்ளைங்களோட சேர்த்து அனுப்புறேன், காரணம் எதுவும் சொல்லிக்கல.

கூட வேலை பாக்குற சயா (வாத்தியார்) ஒருத்தர் பரீட்சை இவ்வளவு கிட்ட இருக்கும்போது ஒரு ஞாயித்துக்கிழமை போகுதேன்னு கவலைப்படுறார். அவரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு, கடைசி மாசத்துல ஒரு நாள்ங்கறது பிள்ளைங்களுக்கு பெருசுதான். அதனால அடுத்த வருஷம் இத ஜனவரிக்கே கொண்டு போயிடலாம்னு பேசியிருக்கோம், பொங்கலுக்கு பெகு, மோல்மீன் பக்கமிருந்து வர்ற சொந்தக்காரங்களும் அப்ப மண்டபத்துல இருப்பாங்க. டீக்கடைக்காரரையும் கூப்பிடணும்னு பையன் இப்பவே கேட்டு வச்சிருக்கான், தமிழ்ல பேசுறத அவருக்கு பர்மிய மொழியில பக்கத்துல உக்காந்து சொல்றதுக்கு காய்கறிக்கார அத்தைய பத்தி பேசுன அந்தப் பொண்ணு ஒத்துகிட்டா.